முதல் வரியும் முழு நூலும்: காதல், இலட்சிய நாவல்களின் தொடக்கத்தைப் பகிரும் வாசக மரபு

ஆய்வுச் சுருக்கம்

தாம் படித்த நாவலின் தொடக்க வரியைச் சொல்லி, அதன்வழி அந்நூலைப் பிறருக்கு அறிமுகப்படுத்துவது வாசகரிடையே காணப்படும் பழக்கமாகும். காதல் நாவல்களும் இலட்சிய நாவல்களும் இவ்வாறு கைமாறும்போது, ஒரு வரி முழு நூலுக்கும் சான்றாக நிறுத்தப்படுகின்றது. இப்பழக்கத்தைத் தமிழின் தொடக்க மரபுகளோடு வைத்து நோக்கி, தனித்து நின்று கவரும் வரிக்கும் நூலின் முடிவோடு இணைந்தே பொருள் பெறும் வரிக்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கின்றது. முதல் வரியைப் பகிர்தல் வாசகர் செய்யும் திறனாய்வே ஆகும். எனினும் அது நூலை முடித்தவரின் மீள்வாசிப்பிலிருந்து எழும்போதே திறனாய்வாக நிறைவுறும் என்பது இதன் முடிபு.

திறவுச் சொற்கள்: தொடக்க வரி, காதல் நாவல், இலட்சிய நாவல், மீள்வாசிப்பு, வாசகத் திறனாய்வு, தொடர்கதை.

முன்னுரை

நாவலைத் திறனாய்வோர் பாத்திரப் படைப்பு, கதைப்பின்னல், நோக்குநிலை, சமுதாயப் பின்புலம் முதலியவற்றை விரிவாக ஆராய்கின்றனர். நாவல் எந்த வரியில் தொடங்குகின்றது, அவ்வரி வாசகரிடம் என்ன செய்கின்றது என்ற வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஆனால் வாசகர் தமக்குள் உரையாடும்போது முதலில் நினைவுகூர்வது பல வேளைகளில் தொடக்கத்தையே. “அந்தக் கதை இப்படித் தொடங்கும்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அடுத்த வரியை நிறைவு செய்வது தொடர்கதைகளில் ஊறிய வீடுகளில் அரிய காட்சியன்று.

இவ்வுரையாடலைத் திறனாய்வாகக் கொள்ளலாமா என்பதே இங்கு எழும் சிக்கல். கல்விப்புலம் காதல் நாவல்களைப் பொழுதுபோக்கு எழுத்தென்றும், இலட்சிய நாவல்களை அறவுரை என்றும் வகைப்படுத்தி, அவற்றைப் படிப்போரைத் தேர்வற்ற நுகர்வோராகக் கருதும் போக்கு உண்டு. அவ்வாசகருள் பெரும்பகுதியினர் பெண்கள் என்பதும் இம்மதிப்பீட்டில் கலந்துள்ளது. ஒரு நூலின் ஆயிரக்கணக்கான வரிகளுள் ஒன்றைத் தேர்ந்து பிறர்முன் வைப்பவர் தேர்வற்றவர் அல்லர். தேர்வு இருக்குமிடத்தில் அளவுகோலும் இருக்கும். அவ்வளவுகோல் யாது, அது எதைக் காண்கின்றது, எதைத் தவறவிடுகின்றது என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்க வரி என்பது இங்கு நாவலின் முதல் வாக்கியத்தையும், அதனோடு பிரிக்கவியலாது இணைந்த அடுத்த ஓரிரு வாக்கியங்களையும் குறிக்கின்றது. வரிகளின் சொல்லமைப்பைவிட அவை செய்யும் பணியே ஆய்வுக்கு உட்படுவதால், அவற்றின் உள்ளடக்கமே எடுத்துரைக்கப்படுகின்றது.

தொடக்கத்தால் நூலை அறியும் மரபு

தொடக்கத்தைக் கொண்டு நூலை நினைவிற் கொள்ளுதல் தமிழுக்குப் புதிதன்று. ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தத்தம் கடவுள் வாழ்த்தின் தொடக்கச் சொற்களையே பெயராகப் பெற்றவை. அதிவீரராம பாண்டியரின் நறுந்தொகைக்கு வெற்றிவேற்கை என்னும் பெயர் வழங்குவதும் இவ்வாறே. இந்நூல்களைப் பொறுத்தவரை நூலின் பெயரைச் சொல்வதே அதன் தொடக்கத்தைப் பகிர்வதாகும். சங்கப் பாடல்களுக்குப் பாட்டு முதற்குறிப்பு அகராதி அமைக்கும் பதிப்பு மரபும் இந்நினைவு முறையையே அடியொற்றியது.

பாட்டியல் நூல்கள் தொடக்கத்துக்கு இன்னும் கடுமையான பொறுப்பை அளித்தன. மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் என்னும் பத்துப் பொருத்தங்களும் முதன்மொழியைக் குறித்தே பேசப்படுகின்றன. சீர், திரு, உலகம், கடல், மலை முதலியன மங்கலச் சொற்களாகக் கொள்ளப்பட்டன. திருமுருகாற்றுப்படை, கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகிய மூன்றும் உலகம் என்னும் பொருளை முதலிற் கொண்டு தொடங்குவதை உரையாசிரியர்களும் அறிஞர்களும் எடுத்துக்காட்டியுள்ளனர். பெரியபுராணத்துக்கு இறைவனே அடியெடுத்துக் கொடுத்தான் என்ற மரபுவழிச் செய்தி, தொடக்கம் ஆசிரியனின் தனித்திறனுக்கு அப்பாற்பட்டது என்ற நம்பிக்கையைக் காட்டுகின்றது.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராண அரங்கேற்றம் பற்றிய செவிவழி வரலாறு இவ்விடத்துச் சிறப்பாக நோக்கத்தக்கது. காஞ்சிக் குமரகோட்டத்தில் நூலின் முதற்சொற் புணர்ச்சிக்கு இலக்கண விதி இல்லை என்று அவையோர் தடை எழுப்பினர் என்றும், வீரசோழியத்தில் விதி காட்டப்பெற்ற பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்றும் அது கூறுகின்றது. வரலாற்று மெய்ம்மை எவ்வாறாயினும், இச்செய்தி ஒரு வாசகச் சூழலைப் புலப்படுத்துகின்றது. தொடக்கம் அவையில் வைக்கப்படுகின்றது. அவை அதை ஏற்கின்றது அல்லது மறுக்கின்றது. அதன் பின்னரே நூல் நகர்கின்றது. முதல் வரியைச் சக வாசகர்முன் வைத்தல் என்பதன் பழைய வடிவம் அரங்கேற்றம் எனலாம். ஆயின் அரங்கேற்றத்தில் முதற்சொல்லோடு அவை கலைவதில்லை. நூல் முழுவதும் கேட்கப்படுகின்றது. இவ்வேறுபாடு பின்னர் இன்றியமையாததாகின்றது.

செய்யுளடியும் உரைநடை வரியும்

இருபதாம் நூற்றாண்டில் வரிகளைச் சுவைத்துப் பகிர்தலை ஒரு திறனாய்வு முறையாகவே வளர்த்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியில் ஒரு பாடல் திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டு, அதன் ஓசையும் உணர்வும் கூடியிருந்தோரால் அனுபவிக்கப்பட்டன. பகிர்தலே சுவைத்தல், சுவைத்தலே மதிப்பிடுதல் என்பது அவ்வட்டத்தின் உட்கோள்.

அம்முறையின் எல்லையும் அங்கேயே வெளிப்பட்டது. தம் சுவைக்கு உகந்த பாடல்களே கம்பருடையவை என்னும் நோக்கில் ரசிகமணி அமைத்த கம்பராமாயணப் பதிப்பு, பல பாடல்களை ஒதுக்கியமைக்காகவும் சொற்களைத் திருத்தியமைக்காகவும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சிறந்ததைத் தேர்ந்து பகிரும் ஆர்வம், எஞ்சியதை இல்லாததாக்கும் நிலைக்குச் செல்லக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

செய்யுள் இவ்வாறு பிரித்தெடுக்கப்படுவதை ஓரளவு தாங்கும். தனிப்பாடல் தன்னளவில் நிறைவுடையது. காப்பியப் பாடலும் நான்கடிக்குள் ஓர் ஓசை முழுமையைப் பெற்றுள்ளது. உரைநடை வரிக்கு இத்தகைய காப்பு இல்லை. நாவலின் முதல் வாக்கியம் அடுத்த வாக்கியத்தை எதிர்நோக்கியே எழுதப்படுகின்றது. அதைத் தனியே எடுத்துப் பகிரும்போது, அதன் பொருளில் ஒரு பகுதி நூலிலேயே தங்கிவிடுகின்றது. எவ்வகை வரி குறைந்த இழப்போடு வெளியே வருகின்றது என்பதைத் தமிழ் நாவலின் தொடக்க காலத்திலிருந்தே காணலாம்.

பெயர் சுட்டும் தொடக்கமும் பெயரற்ற தொடக்கமும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் (1879) காதலையும் அறவுரையையும் ஒருங்கே கொண்ட நூல். பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் இடையிலான அன்பு, பிரிவு, மீட்சி ஆகியவற்றினூடே நல்லொழுக்கக் கதைகள் கோக்கப்பட்டுள்ளன. அந்நூல் ஆங்கிலேயர் ஆட்சிக் காலம், சத்தியபுரி என்னும் ஊர், குலம், கதைசொல்லியின் பிறப்பு என்னும் விவரங்களோடு தொடங்குகின்றது. தன்வரலாறு கூறும் ஒருவனின் அறிமுக முறை இது. சரித்திரம் என்னும் தலைப்புக்கும் இதுவே இசைந்தது.

பி. ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் தொடராக வெளிவந்தது. மதுரை மாவட்டத்துச் சிறுகுளம் என்னும் சிற்றூரையும், அங்கே ஊரார் பெரிய வீடு என வழங்கும் இல்லத்தையும் காட்டி அது தொடங்குகின்றது. வியப்போ புதிரோ உணர்ச்சிப் பெருக்கோ அத்தொடக்கத்தில் இல்லை. ஒருவர் தம் தோழிக்கு எடுத்துச் சொல்லி நூலின்பால் ஈர்க்கத்தக்க வரியாக அது முதல் நோக்கில் தோன்றாது.

இதற்கு மாறாக, பகிர்தலுக்கு எளிதில் இசைவது மழை, மாலை, காத்திருப்பு, நினைவு முதலியவற்றால் தொடங்கும் வரி. அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, குலம் இல்லை. இவ்விருப்பத்தைத் தேய்ந்த சுவை என்று தள்ளிவிடலாகாது. அகத்திணை மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்படுகின்றன. காடும் கார்காலமும் மாலையும் அமையும்போதே முல்லையின் காத்திருப்புக்குக் களம் அமைகின்றது. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறுதல் கூடாது என்பதும் தொல்காப்பிய மரபு. பெயரின்மையால் அப்பாடல் ஒருவர்க்கு மட்டும் உரியதாகாமல், கேட்போர் எவரும் தமதாக்கிக் கொள்ளத்தக்கதாகின்றது.

இருபதாம் நூற்றாண்டுக் காதல் நாவல்கள் அகத்திணையிலிருந்து நேரே தோன்றின என்று கூறுவதற்கு இல்லை. அச்சு இதழ்களும் ஆங்கிலப் புனைகதைகளும் அவற்றின் உருவாக்கத்தில் பங்கு கொண்டன. ஆயினும் வாசகரின் தேர்வை விளங்கிக்கொள்ள அகமரபு பயனுள்ள அளவுகோலாக அமைகின்றது. பெயர் சுட்டும் வரி அந்நூலின் பாத்திரத்துக்கு உரியது. பெயரற்ற வரியோ பகிர்பவரின் வாழ்வையும் தொட்டுச் செல்வது. ஒரு பெண் தன் தோழியிடம் காதல் நாவலின் முதல் வரியைச் சொல்லும்போது, நூலை மட்டுமன்றித் தன்னால் வெளிப்படையாகச் சொல்ல இயலாத ஒன்றையும் சொல்லிவிடக்கூடும். அகப்பாடல் அளித்த மறைப்பும் உரிமையும் இங்கே உரைநடை வரிக்குக் கிடைக்கின்றன. இப்பழக்கத்தின் மிகப் பெரிய பயன் இதுவே எனலாம்.

அழைக்கும் தொடக்கம்

கல்கியின் பொன்னியின் செல்வன் (1950–1954) தொடக்கம் வேறொரு வகை. ஆசிரியர் வாசகரை நேரே விளித்து, கற்பனைப் படகில் ஏறி ஓராயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்ல அழைக்கின்றார். அதன் பின்னரே வீரநாராயண ஏரியும் ஆடித் திங்கள் விழாவும் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனும் காட்சிப்படுகின்றனர். கதை தொடங்கும் முன் கதைசொல்லிக்கும் வாசகர்க்கும் இடையே ஓர் உடன்பாடு செய்துகொள்ளப்படுகின்றது. ரசிகமணியின் நண்பராகிய கல்கி, வாசகரை உடனமர்ந்து சுவைப்பவராகக் கருதியமை இங்குப் புலனாகின்றது.

இத்தொடக்கத்தைப் பகிர்தல் எளிது. அவ்வரியே பகிர்தலின் வடிவில் அமைந்துள்ளது. ஆசிரியர் வாசகரை அழைக்கின்றார். அவ்வழைப்பை வாசகர் அடுத்தவருக்குக் கடத்துகின்றார். தொடர்கதை வாசிப்பின் பௌதிகச் சூழலும் இதற்குத் துணைசெய்தது. ஓர் இதழ் வீட்டில் பலர் கைக்கு மாறியது. எழுத்தறியாதவர்க்கு மற்றவர் படித்துக் காட்டினர். வாரந்தோறும் வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து, பைண்டு செய்து பாதுகாத்தனர். மணியத்தின் ஓவியங்களும் அவ்வேடுகளில் உடன் வந்தன. அவ்வாறு கட்டப்பட்ட தொகுதியை இரவல் பெற்றவர், முதல் வாசகர் அறியாத ஒரு வசதியைப் பெற்றார்: முடிவு அவர் கைக்குள்ளேயே இருந்தது.

முடிவை அறிந்தபின் அத்தொடக்கம் மாறுகின்றது. விழாவின் மகிழ்ச்சியோடு தொடங்கிய கதை, அருள்மொழிவர்மன் அரியணையை விட்டுக்கொடுக்கும் தியாகத்திலும் மணிமேகலையின் மரணத்திலும் சென்று முடிகின்றது. காலத்தை வெள்ளமாகக் கண்ட தொடக்கம், முதல் வாசிப்பில் பயணத்துக்கான உற்சாக அழைப்பு. மீள்வாசிப்பில் எதையும் நிறுத்திவைக்க இயலாமையைக் குறித்த முன்னறிவிப்பு. சொற்கள் மாறவில்லை, அவற்றைப் படிப்பவர் மாறிவிட்டார். முதல் அத்தியாயத்தை மட்டும் படித்தவர் பகிரும் வரியும், ஐந்து பாகங்களையும் முடித்தவர் பகிரும் வரியும் ஒன்றே போலத் தோன்றினும் திறனாய்வு நோக்கில் ஒன்றல்ல.

இலட்சிய நாவலும் பொன்மொழியாதலும்

இலட்சிய நாவல்களின் நிலை இன்னும் நுட்பமானது. நா. பார்த்தசாரதி மணிவண்ணன் என்னும் புனைபெயரில் கல்கி இதழில் எழுதிய குறிஞ்சி மலர், தந்தையை இழந்து தம்பி தங்கையரின் பொறுப்பை ஏற்கும் பூரணியின் துயரத்தோடு தொடங்குகின்றது. அரவிந்தனோடு அவள் கொள்ளும் அன்பு திருமணத்தில் நிறைவுறாமல் அவனது மரணத்தில் முடிகின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலரின் பெயர், அரியவரின் வாழ்வு அடிக்கடி நிகழ்வதன்று என்னும் கருத்தைத் தலைப்பிலேயே வைத்துவிடுகின்றது. பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி எனப் பெயரிட்ட வாசகர் உண்டு என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஒரு நாவலைப் பகிர்வதற்கு இதனினும் நெடிய வழி இல்லை.

மு. வரதராசனாரின் அகல் விளக்கு, சாகித்திய அகாதெமி விருதை 1961இல் பெற்றது. வேலய்யன் தன் நண்பன் சந்திரனோடு வாலாசாப்பேட்டையில் கழித்த இளமையை நினைவுகூர்ந்து கதை சொல்கின்றான். அழகும் அறிவும் மிக்க சந்திரன் கட்டுப்பாடின்றிச் சீரழிய, எளியவனாகிய வேலய்யன் நிலைத்து நிற்கின்றான். கதைசொல்லி தன் முதல் வரியைச் சொல்லும்போதே நண்பனின் முடிவை அறிந்தவன். ஆகவே இளமை இன்பத்தைக் கூறும் அத்தொடக்கம் உண்மையில் இரங்கலே. ஆனால் முதன்முறை படிப்பவர்க்கு அவ்விரங்கல் கேட்பதில்லை. இலட்சிய நாவலின் கதைசொல்லி, தன் வாழ்வைத் தானே மீள்வாசிப்புச் செய்பவன். அவனது முதல் வரியைச் சரியாகப் பகிர விரும்புவோரும் அவன் நிற்கும் இடத்திற்கே, அதாவது முடிவுக்கே, சென்று திரும்ப வேண்டியுள்ளது.

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. இலட்சிய நாவல்களில் வாழ்வு, பண்பு, தியாகம் பற்றிய பொதுக் கூற்றுகள் நிறைந்துள்ளன. அத்தகைய கூற்று தொடக்கத்தில் அமைந்தால், அது நாவலிலிருந்து எளிதில் கழன்று பொன்மொழியாகிவிடும். பொன்மொழிக்குச் சொல்பவர் தேவையில்லை, சூழலும் தேவையில்லை. நாவலிலோ ஓர் அறக்கூற்று யார் வாயில் வருகின்றது, அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பவற்றாலேயே எடை பெறுகின்றது. பூரணியின் உறுதி அவளது வறுமையின்றி வெறும் அறிவுரை. வேலய்யனின் தெளிவு சந்திரனின் அழிவின்றி வெறும் தற்பெருமை. இலட்சிய நாவல்கள் அறவுரைகளின் தொகுப்பு என்று கல்விப்புலம் கூறும் குறைக்கு, அவற்றைப் பொன்மொழிகளாகப் பிரித்துப் பகிரும் அன்பான வாசகரும் அறியாமலே வலுச் சேர்த்துவிடுகின்றனர்.

மாத நாவலும் வரியின் அவசரமும்

1969இல் தொடங்கிய ராணி முத்தும் அதனையொத்த மாத நாவல் வெளியீடுகளும் வாசிப்பின் கால அமைப்பை மாற்றின. தொடர்கதை, வாரங்களுக்கு இடையிலான காத்திருப்பை வாசகர்க்கு அளித்தது. மாத நாவலில் முழுக்கதையும் ஒரே இதழில் குறைந்த விலைக்குக் கிடைத்தது. கடையில் தொங்கும் பல இதழ்களுள் ஒன்றை எடுத்துப் புரட்டுபவர் முதற்பக்கத்திலேயே முடிவு செய்யக்கூடும். எனவே தொடக்கத்தின் பணியும் மாறுகின்றது. ஊரையும் குடும்பத்தையும் அமைதியாக அறிமுகப்படுத்துவதைவிட, உரையாடலாலோ மோதலாலோ உடனே பற்றிக்கொள்வது அதற்குத் தேவையாகின்றது.

இவ்வகைத் தொடக்கங்களைத் தரக்குறைவு என்று பொதுப்படக் கூறுவது நேரிய மதிப்பீடன்று. கோபத்தோடு வெளிப்படும் ஓர் உரையாடல் வரி, அக்கோபம் தவறான புரிதலில் விளைந்தது என்பதை இறுதியில் உணர்த்துமாயின், அதுவும் முடிவோடு பிணைந்த தொடக்கமே. மாறாக, பற்றிக்கொள்வதை மட்டும் செய்துவிட்டுக் கதையில் மறக்கப்படும் வரியும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய முதல் வரியை மட்டும் நோக்கினால் போதாது. பகிர்தலின்போது இரண்டும் ஒரே மதிப்பைப் பெறுகின்றன என்பதே குறைபாடு.

பிரித்தெடுத்தலின் இழப்பு

இச்சிக்கல் தமிழ் வாசகர்க்கு மட்டும் உரியதன்று. உலக அளவில் மிகுதியாகப் பகிரப்பட்ட தொடக்கங்களுள் ஒன்று ஜேன் ஆஸ்டினின் பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் (1813) நாவலுடையது. திருமணம் பற்றிய பொது உண்மையை எடுத்துரைப்பது போல அது அமைந்துள்ளது. அக்கூற்று ஆசிரியரின் கருத்தன்று, பெண்மக்களை உடைய அண்டை வீட்டாரின் கணக்கு என்பதை அடுத்து வரும் வாக்கியமே உணர்த்திவிடுகின்றது. முதல் வாக்கியம் மட்டும் பகிரப்படும்போது அங்கதம் மங்கி, ஒரு பெண் எழுத்தாளரின் திருமண வாழ்த்துப் போல அது வழங்கப்படுதலும் உண்டு.

எட்வர்ட் புல்வர் லிட்டனின் பால் கிளிஃபர்ட் (1830) இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. இரவையும் புயலையும் வருணிக்கும் அதன் நீண்ட முதல் வாக்கியத்தின் முற்பகுதி மட்டும் துண்டிக்கப்பட்டு, மோசமான தொடக்கத்துக்கு எடுத்துக்காட்டாக நிலைபெற்றது. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1982இல் அவர் பெயரால் மோசமான முதல் வாக்கியம் எழுதும் போட்டியும் தொடங்கப்பட்டது. அந்நாவலைப் படித்தோர் சிலரே. அவ்வரியை நகைத்தோர் பலர். புகழாயினும் இகழாயினும், நூலை விட்டுப் பிரிந்த வரி நூலுக்குப் பதிலாக நின்றுவிடுகின்றது.

மீள்வாசகரின் பகிர்வு

இந்நோக்கில் கமலாம்பாள் சரித்திரத்தை மீண்டும் காணலாம். எளிதில் பகிரத்தகாதது எனத் தோன்றிய அதன் தொடக்கம், முடிவை அறிந்தவர்க்கு வேறாகின்றது. செல்வ இழப்பு, மகனைப் பிரிதல், கமலாம்பாள்மீது எழும் அபவாதம், முத்துஸ்வாமி ஐயரின் துறவு நாட்டம், குருவின் துணை என்று விரியும் கதை, வீட்டையும் ஊரையும் கடந்த ஓர் அமைதியைத் தேடிச் செல்கின்றது. அந்நிலையில் முதற்பக்கத்துப் பெரிய வீடு வெறும் இடக்குறிப்பன்று. இழக்கப்பட இருப்பது எது என்பதை அது முதலிலேயே காட்டி வைத்துள்ளது. பெரிய என்னும் அடைமொழியின் பொருள் நூல் முழுவதும் சோதிக்கப்படுகின்றது. பிரதாப முதலியார் சரித்திரத்திலும் பிறந்த ஊரைப் பெருமையுடன் சுட்டும் தொடக்கம், பிரிவுகளுக்கும் அலைச்சல்களுக்கும் ஞானாம்பாள் ஆண்வேடத்தில் ஆட்சி செய்யும் நிகழ்ச்சிக்கும் பின்னர் நோக்கும்போது புதிய பொருள் கொள்கின்றது. தன் குலத்தையும் பிறப்பையும் சொல்லித் தொடங்கியவனின் கதையில், உண்மையான தலைமை அவன் மனைவிக்கே வாய்க்கின்றது.

இவ்வாறான வரிகள் தனித்துப் பகிரப்படும்போது வலுவிழக்கின்றன. அவற்றைப் பகிர்பவர் ஒரு சொல் சேர்த்தே பகிர வேண்டும்: “முடித்த பிறகு இதைத் திரும்பப் படித்துப் பார்.” இச்சேர்க்கையே வாசகத் திறனாய்வின் கரு எனலாம். அதில் முடிவு வெளியிடப்படுவதில்லை. ஆனால் முடிவுக்கும் தொடக்கத்துக்கும் உறவு உண்டு என்ற மதிப்பீடு வெளியிடப்படுகின்றது. கேட்பவர் வரியோடு நின்றுவிடாமல் நூலுக்குள் அனுப்பப்படுகின்றார். முதற்சொல்லை வினவிய அவை நூல் முழுவதையும் கேட்க அமர்ந்த அரங்கேற்ற முறைக்கு இதுவே அணித்தானது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். பகிர்தல் ஒரு மகிழ்ச்சி. அதன்மேல் திறனாய்வுப் பொறுப்பைச் சுமத்துவது வாசகரின் இயல்பான இன்பத்தைக் கட்டுப்படுத்தும் என்பது அது. இம்மறுப்பில் உண்மை உண்டு. பெயரற்ற ஒரு வரியின் துணையால் தன் மனத்தைச் சொல்லும் வாசகருக்கு அளவுகோல் வழங்குவது தேவையற்றது. ஆயினும் அதே வரி ஒரு நூலின் தகுதிக்கோ தகுதியின்மைக்கோ சான்றாகக் காட்டப்படும்போது நிலை மாறுகின்றது. மனத்தைச் சொல்லும் பகிர்வுக்கு வரி போதும். நூலை மதிப்பிடும் பகிர்வுக்கு நூல் தேவை. காதல் நாவல்களைப் படிக்காமலே அவற்றின் ஒரு வரியைக் காட்டி எள்ளும் அறிஞர்க்கும் இவ்வரையறை பொருந்தும்.

முடிவுரை

தொடக்கத்தால் நூலை நினைவிற் கொள்ளுதலும் அதை அவையில் வைத்தலும் தமிழில் நெடிய மரபுடையவை. நாவலின் முதல் வரியைப் பகிரும் பழக்கத்தை அம்மரபின் ஒளியில் நோக்கும்போது சில கருத்துகள் பெறப்படுகின்றன.

பெயரும் ஊரும் இன்றி உணர்வையும் பொழுதையும் முன்வைக்கும் வரி எளிதில் பகிரத்தக்கது. அகப்பாடலைப் போல அது பகிர்பவரின் வாழ்வுக்கும் இடமளிக்கின்றது. இவ்விருப்பம் தேர்வற்ற சுவையின் அடையாளமன்று.

வாசகரை விளிக்கும் தொடக்கம் பகிர்தலைத் தன் வடிவிலேயே கொண்டுள்ளது. இலட்சிய நாவலின் தொடக்கமோ பிரித்தெடுக்கப்படும்போது பொன்மொழியாகச் சுருங்கித் தன் விலையை இழக்கின்றது.

பகிர்தலுக்கு இசையாத எளிய தொடக்கங்கள் பல, முடிவோடு இணைத்துக் காணும்போது ஆழம் பெறுகின்றன. கவரும் வரிகளை மட்டுமே கொண்டு நாவல்களை மதிப்பிட்டால் கமலாம்பாள் சரித்திரம் போன்றவை பின்தள்ளப்படும்.

காதல் நாவல்களையும் இலட்சிய நாவல்களையும் ஆராய்வோர், வாசகர் எவ்வரிகளைத் தேர்ந்தனர் என்பதையும், அத்தேர்வு நூலை முடிக்கும் முன் நிகழ்ந்ததா பின் நிகழ்ந்ததா என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். பைண்டு செய்த பழைய தொடர்கதைத் தொகுதிகளின் ஓரக் குறிப்புகளும், அடிக்கோடுகளும், இதழ்களில் வெளிவந்த வாசகர் கடிதங்களும் இதற்கான தரவுகளாகும். அவை வீடுகளிலிருந்து பழைய தாள் கடைகளுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. ஒரு தலைமுறைப் பெண் வாசகர் செய்த திறனாய்வின் எழுத்துச் சான்று, அவர்கள் பென்சிலால் இட்ட அக்கோடுகளே ஆகலாம். அவற்றைத் திரட்டிப் படிப்பது தமிழ் நாவல் ஆய்வு இனி ஏற்க வேண்டிய பணியாகும்.